சாலைக்கும் டிராக்குக்கும் ஒரே ஸ்போர்ட்ஸ் கார்: சஸ்பென்ஷன் விறைப்பைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

அன்றாடம் சாலையிலும் அவ்வப்போது டிராக்கிலும் ஓட வேண்டிய ஸ்போர்ட்ஸ் காருக்கு ஸ்பிரிங் வாங்கப் புறப்படும் ஒருவர் முதலில் எதிர்கொள்வது எண்களைத்தான். “முன்னால் எட்டு, பின்னால் ஆறு போடுங்கள்” என்பார் ஒருவர்; “பத்துக்குக் குறைந்தால் டிராக்கில் எடுபடாது” என்பார் இன்னொருவர். ஸ்பிரிங்கை ஒரு மில்லிமீட்டர் அமுக்க எத்தனை கிலோ சுமை தேவை என்பதை மட்டுமே அந்த எண்கள் சொல்கின்றன. வண்டியின் எடை என்ன, ஸ்பிரிங் சக்கரத்திலிருந்து எவ்வளவு உள்ளே தள்ளிப் பொருத்தப்பட்டிருக்கிறது, டயர் எது, சக்கரம் மேலெழ எவ்வளவு இடம் மீதமிருக்கிறது ஆகிய நான்கும் தெரியாதவரை அந்த எண்ணை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது.

இரண்டு வேலைகளையும் செய்ய வேண்டிய வண்டிக்கு, பம்ப் ஸ்டாப்பில் (சஸ்பென்ஷன் கடைசிவரை அமுங்கும்போது இடியைத் தாங்கும் தடை) போய் உட்காராமலும் வளைவில் டயர் தரையோடு அமரும் கோணத்தைக் கெடுக்காமலும் வண்டியைத் தாங்கக்கூடிய ஸ்பிரிங்குகளில் எது மிக மென்மையானதோ அதுவே சரியானது என்பது என் உறுதியான கருத்து. அந்த ஸ்பிரிங்கைக் கணக்கிட்டுக் கண்டறியும் வழியைப் படிப்படியாகப் பார்க்கலாம். கணக்கு என்றதும் தயங்க வேண்டாம். பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

விறைப்பு எதை மாற்றுகிறது, எதை மாற்றுவதில்லை

விறைப்பான ஸ்பிரிங் போட்டால் வளைவில் வெளிப்புறச் சக்கரங்களுக்கு மாறும் எடை குறையும் என்று பலரும் நம்புகிறார்கள். அது சரியல்ல. ஓட்டுநரோடு சேர்த்து 1,200 கிலோ எடையுள்ள ஒரு வண்டியின் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 50 செ.மீ. உயரத்திலும், இடது வலது சக்கரங்களுக்கு இடையிலான அகலம் 150 செ.மீ. ஆகவும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அந்த வண்டி 1 ஜி (தன் எடைக்குச் சமமான) பக்கவாட்டு விசையில் வளைந்தால் 1,200-ஐ 50-ஆல் பெருக்கி 150-ஆல் வகுக்க, 400 கிலோ உட்புறத்திலிருந்து வெளிப்புறத்துக்கு மாறும். இந்தக் கணக்கில் ஸ்பிரிங் எங்குமே வரவில்லை என்பதைக் கவனியுங்கள். எடை மாற்றத்தைக் குறைக்க வேண்டுமானால் ஈர்ப்பு மையம் தாழ வேண்டும், அகலம் கூட வேண்டும் அல்லது வண்டி இளைக்க வேண்டும்.

ஸ்பிரிங் மாற்றுவது வேறு சிலவற்றை. முதலாவது, பாடி சாயும் அளவு. ஸ்பிரிங்கும் டேம்பரும் (ஷாக் அப்சார்பர்) ஒரே தூணாகச் சக்கரத்தைப் பிடித்திருக்கும் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் அமைப்பில் பாடி சாயச் சாய வெளிப்புற டயரும் கூடவே வெளிப்பக்கம் சாய்ந்து, தன் வெளி ஓரத்தில் மட்டும் நிற்கத் தொடங்கும். ஆகவே இத்தகைய வண்டிகளில் சாய்வைக் கட்டுப்படுத்துவது பிடிமானத்தைக் காப்பாற்றுவதாகும். இரண்டாவது, அந்த 400 கிலோவை முன் அச்சும் பின் அச்சும் பங்கிட்டுக்கொள்ளும் விதம். டயரின் மேல் சுமை இரட்டிப்பானால் அதன் பிடிமானம் இரட்டிப்பாவதில்லை, அதற்குச் சற்றுக் குறைவாகவே கூடுகிறது. எனவே எந்த அச்சு அதிக விறைப்பாக இருந்து எடை மாற்றத்தில் பெரும் பங்கை ஏற்கிறதோ, அந்த அச்சு மற்றதைவிட முன்னதாக வழுக்கும். முன்புறத்தை விறைப்பாக்கினால் அண்டர்ஸ்டியரும் (முன்புறம் வழுக்கி வண்டி போதிய அளவு திரும்பாமை) பின்புறத்தை விறைப்பாக்கினால் ஓவர்ஸ்டியரும் (பின்புறம் வழுக்கி வண்டி அளவுக்கு மீறித் திரும்புதல்) கூடுவதற்குக் காரணம் இதுதான். மூன்றாவது, ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் வண்டி எவ்வளவு விரைவில் நிலைகொள்கிறது என்பது.

இவற்றுக்கு ஈடாக நாம் இழப்பது மேடுபள்ளங்களின் மேல் டயர் தரையைத் தொட்டுக்கொண்டே இருக்கும் தன்மையை. சாலையில் இது உடம்பு வலியாகத் தெரியும். டிராக்கில் நேரடியாகப் பிடிமான இழப்பாகவே வெளிப்படும். விறைப்பு கூடினால் வேகம் கூடும் என்ற எண்ணம் மேடற்ற, வழவழப்பான தளத்தில் மட்டுமே ஓரளவுக்குப் பொருந்தும்.

முதல் படி: டயரையும் தளத்தையும் முதலில் முடிவு செய்யுங்கள்

பிடிமானம் அதிகமுள்ள டயர் வண்டியை அதிக பக்கவாட்டு விசைக்கு உள்ளாக்கும். விசை கூடினால் சாய்வும் கூடும். அந்தச் சாய்வைத் தாங்கத்தான் கூடுதல் விறைப்பு தேவைப்படுகிறது. ஆகவே டிராக்குக்கென்றே பிடிமானம் கூட்டிச் செய்யப்படும் செமி-ஸ்லிக் டயருக்குப் பொருந்தும் ஸ்பிரிங்கைச் சாதாரணச் சாலை டயரோடு சேர்த்தால், அந்த விறைப்பைப் பயன்படுத்தும் அளவுக்கு டயரில் பிடிமானம் இருக்காது. வண்டி முன்னறிவிப்பின்றி வழுக்கும், ஈரச் சாலையில் இன்னும் மோசமாக. அடுத்த ஓராண்டுக்கு எந்த டயரில் ஓட்டப்போகிறீர்கள் என்பதை நேர்மையாக முடிவு செய்துவிட்டே ஸ்பிரிங் பக்கம் வாருங்கள்.

தளமும் அவ்வாறே. புதிதாகத் தார் போட்ட, சமதளமான டிராக்கில் அருமையாக ஓடும் அமைப்பு, ஏறத்தாழ 20.8 கி.மீ. நீளமும் மேடும் இறக்கமும் குதிப்புகளும் கொண்ட ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் நார்ட்ஷ்லைஃபே டிராக்கில் தடுமாறும். அங்கே செல்பவர்கள் வண்டியை மென்மையாக்கிக்கொண்டு செல்வது அதனால்தான். நீங்கள் அன்றாடம் ஓட்டும் சாலை அதைவிடக் கரடுமுரடாக இருக்குமானால், விறைப்பின் மேல் எல்லையை அந்தச் சாலையே தீர்மானிக்கட்டும்.

இரண்டாம் படி: அளவெடுங்கள்

நான்கு சக்கரங்களுக்கும் தனித்தனியாகத் தராசு வைத்து, ஓட்டுநர் இருக்கையில் உங்கள் எடையோடும் பாதி நிரம்பிய பெட்ரோல் டேங்கோடும் வண்டியை நிறுத்துப் பாருங்கள். ஒவ்வொரு மூலையின் எடையிலிருந்தும் ஸ்பிரிங் தாங்காத பகுதியைக் கழிக்க வேண்டும். சக்கரம், டயர், பிரேக், ஹப் ஆகியவற்றோடு சஸ்பென்ஷன் ஆர்ம்களின் பாதி எடையும் இதில் அடங்கும். இவ்வகை வண்டிகளில் ஒரு மூலைக்குச் சுமார் 40 கிலோ என்று எடுத்துக்கொண்டால் பெரிய பிழை வராது. எஞ்சுவதே ஸ்பிரிங் சுமக்கும் எடை.

அடுத்தது மோஷன் ரேஷியோ, அதாவது சக்கரம் நகரும் தூரத்தில் எத்தனை பங்கு ஸ்பிரிங் அமுங்குகிறது என்ற விகிதம். புதியவர்கள் பெரும்பாலும் தாண்டிச் சென்றுவிடும் இடம் இதுவே, ஆனால் முழுக் கணக்கும் இதன் மேல்தான் நிற்கிறது. வண்டியை ஜாக் ஸ்டாண்டுகளின் மேல் உறுதியாக நிறுத்தி, ஒரு மூலையில் ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு டேம்பரை மட்டும் திரும்பப் பொருத்துங்கள். இடது வலது சக்கரங்களை இணைத்துப் பாடியின் சாய்வைக் குறைக்கும் ஆன்டி ரோல் பாரின் லிங்கையும் கழற்றிவிடுங்கள். ஹப்பின் அடியில் ஜாக்கைக் கொடுத்து, வண்டி தரையில் நிற்கும்போது சக்கரம் எந்த உயரத்தில் இருக்குமோ அங்கே கொண்டுவாருங்கள். அந்த நிலைக்கு 20 மி.மீ. கீழிருந்து 20 மி.மீ. மேல் வரை, ஆக 40 மி.மீ. ஹப்பை உயர்த்தி, அதே வேளையில் டேம்பரின் இரு போல்ட்டுகளுக்கு இடையிலான தூரம் எவ்வளவு சுருங்குகிறது என்று அளவுநாடாவால் அளந்து குறியுங்கள். சுருங்கியது 26 மி.மீ. என்றால் 26-ஐ 40-ஆல் வகுக்கக் கிடைக்கும் 0.65 தான் மோஷன் ரேஷியோ. சில வண்டிகளின் பின்புறத்தில் ஸ்பிரிங் டேம்பரிலிருந்து விலகித் தனியாக உட்கார்ந்திருக்கும். அங்கே ஸ்பிரிங் அமரும் இரு தட்டுகளுக்கு இடையிலான தூரத்தை அளக்க வேண்டும்.

சக்கரத்தில் உணரப்படும் விறைப்பைக் காண, ஸ்பிரிங்கின் விறைப்பை இந்த விகிதத்தின் வர்க்கத்தால் பெருக்க வேண்டும். நெம்புகோல் விசையையும் தூரத்தையும் இரண்டையும் மாற்றுவதால் விகிதம் இருமுறை வந்து பெருகுகிறது. 0.65-இன் வர்க்கம் 0.42; அதாவது ஸ்பிரிங்கின் விறைப்பில் பாதிகூடச் சக்கரத்தைச் சென்றடைவதில்லை. டொயோட்டா ஜிஆர் 86 போல முன்புறம் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் உள்ள வண்டியில் இந்த விகிதம் ஒன்றை நெருங்கி இருக்கும். மஸ்டா எம்எக்ஸ்-5 போல முன்புறம் டபுள் விஷ்போன் (மேலும் கீழுமாக இரு ஆர்ம்கள் சக்கரத்தைப் பிடிக்கும் அமைப்பு) உள்ள வண்டியில் கணிசமாகக் குறைந்திருக்கும். ஒன்றுக்குப் பொருந்தும் எண்ணை மற்றொன்றுக்கு எடுத்துச் செல்ல முடியாததன் காரணம் இங்கேதான் இருக்கிறது.

மூன்றாம் படி: அதிர்வெண்ணைத் தேர்ந்தெடுத்து ஸ்பிரிங்கைக் கண்டறியுங்கள்

எடை வேறுபட்ட வண்டிகளை ஒரே அளவுகோலில் ஒப்பிட உதவுவது, ஸ்பிரிங்கின் மேல் பாடி தானாக ஏறி இறங்கும் அதிர்வெண். சொகுசான சாலை வண்டிகள் 1 முதல் 1.5 ஹெர்ட்ஸ் வரை இருக்கும். ஸ்போர்ட்ஸ் கார்கள் ஏறத்தாழ 1.5 முதல் 2 வரை. காற்றழுத்த இறக்கைகள் இல்லாத, டிராக்குக்கு மட்டுமேயான வண்டிகள் 2 முதல் 2.5 வரையும் அதற்குச் சற்று மேலும் போகும். 3-ஐத் தாண்டுவது, காற்றழுத்தத்தால் கீழ்நோக்கி அமுக்கப்படும் பந்தய வண்டிகளுக்கு உரியது.

சாலையில் பெரும்பகுதியும் டிராக்கில் சில நாட்களும் ஓடும் வண்டிக்கு 1.7 முதல் 1.9 வரை நான் பரிந்துரைப்பேன். செமி-ஸ்லிக் டயரோடு அடிக்கடி டிராக்குக்குச் செல்பவர், நல்ல டேம்பரும் வைத்திருந்தால், 2 முதல் 2.2 வரை போகலாம். அதற்கு மேல் போய்விட்டு அதே வண்டியில் தினமும் வேலைக்குச் செல்வது பெரும்பாலோரால் நீண்ட நாள் தாங்க முடியாத ஒன்று.

கணக்கு இதோ: அதிர்வெண்ணின் வர்க்கத்தை ஸ்பிரிங் சுமக்கும் எடையால் பெருக்கி, மேலும் 0.0395-ஆல் பெருக்கினால், சக்கரத்தில் தேவைப்படும் விறைப்பு ஒரு மில்லிமீட்டருக்கு இத்தனை நியூட்டன் என்று கிடைக்கும். ஒரு மூலையில் ஸ்பிரிங் சுமப்பது 260 கிலோ, விரும்பும் அதிர்வெண் 1.8 என்றால், விடை சுமார் 33.3 நியூட்டன். இதை மோஷன் ரேஷியோவின் வர்க்கத்தால் வகுத்தால் வாங்க வேண்டிய ஸ்பிரிங் தெரியும். விகிதம் 0.95 உள்ள ஸ்ட்ரட் வண்டிக்கு 36.8 நியூட்டன் வருகிறது, 9.81-ஆல் வகுத்தால் ஒரு மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 3.8 கிலோ. விகிதம் 0.65 உள்ள விஷ்போன் வண்டிக்கு அதே கணக்கில் 78.7 நியூட்டன், அதாவது 8 கிலோ. சாலையில் இரண்டும் ஒரே மாதிரி நடந்துகொள்ளும். பெட்டியின் மேல் அச்சிட்ட எண் மட்டும் இருமடங்குக்கு மேல் வேறுபடும். பவுண்டு கணக்கில் விற்கும் ஸ்பிரிங்காக இருந்தால், மில்லிமீட்டருக்கு ஒரு கிலோ என்பது அங்குலத்துக்கு 56 பவுண்டு.

முன்புறமும் பின்புறமும் ஒரே அதிர்வெண்ணில் இருக்க வேண்டியதில்லை. 1930-களில் காடிலாக்கில் சஸ்பென்ஷன் ஆய்வுகளை நடத்திய மாரிஸ் ஆலி என்னும் பொறியாளர், பின்புற அதிர்வெண் முன்புறத்தைவிடச் சற்று அதிகமாக இருந்தால் மேட்டைக் கடந்தபின் வண்டி முன்னும் பின்னும் ஊசலாடாமல் விரைவில் சமநிலைக்கு வருகிறது என்று காட்டினார். முன் சக்கரம் மேட்டில் ஏறிய சற்று நேரத்துக்குப் பின்தான் பின் சக்கரம் ஏறுகிறது. வேகமாக அதிரும் பின்புறம் அந்தத் தாமதத்தை ஈடுகட்டிவிடுகிறது. சாலைப் பயன்பாட்டுக்குப் பின்புறத்தை 10 சதவீதம் அளவுக்குக் கூட்டி வைப்பது நல்லது. டிராக்கையே முதன்மையாகக் கருதுவோர், பின்புறப் பிடிமானத்துக்காக முன்புறத்தைச் சற்றுக் கூட்டி வைப்பதும் உண்டு. தொடங்குபவர்களுக்கு முதல் வழியே பாதுகாப்பாகப் பயன்படும். சமநிலையைப் பிறகு ஆன்டி ரோல் பாரைக் கொண்டு சரிசெய்துகொள்ளலாம்.

நான்காம் படி: சக்கரத்துக்கு இடம் இருக்கிறதா என்று பாருங்கள்

கணக்கில் வந்த ஸ்பிரிங் உங்கள் வண்டியில் வேலை செய்யுமா என்பதைத் தீர்மானிப்பது சக்கரம் மேலெழ மீதமிருக்கும் தூரம். அழகுக்காக வண்டியைத் தாழ்த்திவிட்டு மென்மையான ஸ்பிரிங்கைப் போடும்போதுதான் பெரும்பாலான சிக்கல்கள் தொடங்குகின்றன. மேலே சொன்ன 400 கிலோவில் பாதி, 200 கிலோ, முன் வெளிப்புறச் சக்கரத்தின் மேல் வருவதாகக் கொள்வோம். ஆன்டி ரோல் பார் இல்லாமல் ஸ்பிரிங் மட்டுமே அதைத் தாங்கினால், 33.3 நியூட்டன் விறைப்பில் சக்கரம் ஏறத்தாழ 59 மி.மீ. உள்ளே போகும், 2.2 ஹெர்ட்ஸுக்குரிய 49.7 நியூட்டன் விறைப்பில் சுமார் 39 மி.மீ. போகும். பார் இதைக் குறைக்கும்; பிரேக் பிடித்துக்கொண்டே வளைவில் நுழைவதும் வளைவின் நடுவே வரும் மேடும் இதைக் கூட்டும். உங்களிடம் மீதமிருப்பது 40 மி.மீ. மட்டுமே என்றால், வண்டி வளைவுதோறும் பம்ப் ஸ்டாப்பின் மேல்தான் நிற்கும்; அந்த நொடியில் விறைப்பு திடீரென்று பல மடங்காகி அந்த மூலை வழுக்கிவிடும். முன்புறத்தில் நடந்தால் விளங்காத அண்டர்ஸ்டியர், பின்புறத்தில் நடந்தால் அச்சமூட்டும் சுழற்சி.

இதைக் கண்டுபிடிக்க விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. டேம்பரின் பளபளப்பான தண்டில் ஒரு சிறிய கேபிள் டையைச் சுற்றி, கையால் தள்ளினால் நகரும் அளவுக்கு மட்டும் இறுக்கி, தேவைக்கு மிஞ்சிய வாலை வெட்டிவிடுங்கள். அதை டேம்பரின் உடல் பகுதியைத் தொடுமாறு தள்ளிவைத்துவிட்டு ஓட்டிவிட்டு வந்தால், தண்டு எவ்வளவு தூரம் உள்ளே போயிற்று என்பதை அது நின்றிருக்கும் இடமே காட்டும். பம்ப் ஸ்டாப்பின் கீழ் விளிம்பு வரை அது தள்ளப்பட்டிருந்தால் ஸ்டாப் வேலை செய்திருக்கிறது. டிராக்கின் மிகக் கடுமையான ஓரிரு இடங்களில் மெதுவாகத் தொட்டால் பரவாயில்லை. ஸ்டாப் பாதிக்கு மேல் நசுங்கியிருந்தால் ஏதாவது செய்தாக வேண்டும். உடனே விறைப்பான ஸ்பிரிங்கைத் தேடாமல், முதலில் வண்டியை 10 மி.மீ. உயர்த்திப் பார்ப்பதே நல்லது. ஸ்ட்ரட் வண்டிகளில் அளவுக்கு மீறித் தாழ்த்துவதால் ஆர்ம்களின் கோணம் கெட்டு, பாடி முன்னைவிட அதிகமாகச் சாய்வதும் நேரும் என்பதால், உயர்த்துவதில் இரட்டை ஆதாயம் உண்டு.

கீழிறங்கும் தூரத்தையும் மறக்க வேண்டாம். வண்டியின் எடையால் ஸ்பிரிங் அமுங்கும் அளவு, சக்கரத்தில் கணக்கிட்டால், 1.8 ஹெர்ட்ஸில் சுமார் 77 மி.மீ.; 2.2-இல் 51 மி.மீ. விறைப்பு கூடக் கூட, பள்ளத்தில் சக்கரம் ஸ்பிரிங்கின் துணையோடு கீழே இறங்கும் தூரம் சுருங்கிக்கொண்டே வரும்.

ஐந்தாம் படி: ஆன்டி ரோல் பார்

பாடியைத் தாங்கவும் பயணத் தூரத்தைக் காக்கவும் ஸ்பிரிங், முன்-பின் சமநிலைக்குப் பார் என்று வேலையைப் பிரித்துக்கொண்டால் குழப்பம் வராது. நேர்ச்சாலையில் இரு சக்கரங்களும் ஒன்றாக ஏறி இறங்கும்போது பார் குறுக்கிடுவதில்லை என்பதால், சாலைச் சொகுசை அதிகம் கெடுக்காமல் சாய்வைக் குறைக்க அது உதவுகிறது. ஆனால் ஒரு சக்கரம் மட்டும் மேட்டில் ஏறும்போது மறுபக்கத்தையும் சேர்த்து இழுக்கும். அளவுக்கு மீறிய பார் வளைவின் உட்புறச் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிவிடும். பின்சக்கர இயக்க வண்டியில் பின்புற பார் அதிகமானால், வளைவை விட்டு வெளியேறும்போது உட்புறச் சக்கரம் வெறுமனே சுழலும். துளைகள் மூலம் விறைப்பை மாற்றக்கூடிய பார் ஒன்றை வாங்குவது, இன்னொரு ஜோடி ஸ்பிரிங் வாங்குவதைவிடப் பெரும்பாலும் பயனுள்ள செலவு.

ஆறாம் படி: டேம்பர் ஈடுகொடுக்குமா?

அமுங்கிய ஸ்பிரிங் திரும்பி விரியும்போது அந்த ஆற்றலை அடக்குவது டேம்பர். தேவைப்படும் அடக்குதிறன் விறைப்பின் வர்க்கமூலத்தோடு கூடுகிறது. ஸ்பிரிங்கை 40 சதவீதம் விறைப்பாக்கிவிட்டு பழைய டேம்பரையே வைத்திருந்தால் அடக்கும் விகிதம் ஏறத்தாழ 15 சதவீதம் குறைகிறது. நல்ல நிலையில் உள்ள டேம்பர் இதைச் சமாளித்துவிடும். ஸ்பிரிங் இருமடங்கானால் விகிதம் 30 சதவீதம் சரிந்து வண்டி துள்ளத் தொடங்கும். அந்த அளவுக்குப் போவதாக இருந்தால் டேம்பருக்கும் சேர்த்தே பணம் ஒதுக்குங்கள். ஒன்றைத்தான் வாங்க முடியும் என்றால், நல்ல டேம்பரும் மிதமான ஸ்பிரிங்கும் என்ற கூட்டணியையே நான் தேர்வேன். லோட்டஸின் சாலைக் கார்கள் மென்மையான ஸ்பிரிங்கோடு துல்லியமான டேம்பரைச் சேர்த்துப் பெயர் வாங்கியவை.

மறுபக்கத்தில், ரீபவுண்டை (ஸ்பிரிங் விரியும்போது டேம்பர் தரும் தடையை) அளவுக்கு மீறி இறுக்கினால், அடுத்தடுத்து வரும் மேடுகளில் சக்கரம் விரிந்து மீள நேரமின்றிப் பாடி படிப்படியாகக் கீழே இறங்கி, கடைசியில் பம்ப் ஸ்டாப்பை அடையும். ஓட்டுநருக்கு அது ஸ்பிரிங் மிக விறைப்பாக இருப்பதுபோலவே தோன்றும். ஆகவே ஸ்பிரிங்கைக் குறை சொல்வதற்கு முன் டேம்பரின் திருகில் ரீபவுண்டை இரண்டு கிளிக் தளர்த்திப் பாருங்கள்.

பொருத்துவதும் சோதிப்பதும்

அமுக்கப்பட்ட ஸ்பிரிங் உயிரைப் பறிக்கும் ஆற்றல் கொண்டது. தகுந்த கம்ப்ரஸர் இல்லாமல் ஸ்ட்ரட்டின் மேல் நட்டைக் கழற்றக் கூடாது. பழக்கமில்லாதவர் இந்த வேலையைப் பணிமனையிடம் விட்டுவிடலாம். ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளை, வண்டி தன் எடையில் நிற்கும்போதுதான் முழுமையாக இறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால் புஷ் முறுகி, உங்கள் கணக்கில் இல்லாத விறைப்பைச் சேர்ப்பதோடு சீக்கிரம் கிழிந்தும் போகும். சிறிது தூரம் ஓட்டிய பிறகு உயரத்தையும் வீல் அலைன்மென்ட்டையும் சரிபார்த்துவிட்டே டிராக்குக்குச் செல்லுங்கள்.

டிராக்கில் ஒரு சுற்றுக்கு ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். டயர் அழுத்தத்தை ஒவ்வொரு முறையும் ஒரே சூட்டில் பாருங்கள். வளைவின் நடுவே சிறு மேடுகளில் வண்டி பக்கவாட்டில் தத்தினால் அந்த அச்சு மிக விறைப்பு, அல்லது ரீபவுண்ட் மிகுதி. திசை மாற்றும்போது பாடி தாமதமாகப் பின்தொடர்ந்தால் முதலில் டேம்பர், அடுத்து பார், கடைசியாகத்தான் ஸ்பிரிங். டயரின் வெளி ஓரம் மட்டும் அதிகம் சூடாகித் தேய்ந்தால், விறைப்பைக் கூட்டுவதற்கு முன் நெகட்டிவ் கேம்பரை (டயரின் மேற்பகுதி உட்பக்கம் சாயும் கோணத்தை) கூட்டிப் பாருங்கள். பல வண்டிகளில் அதுவே போதுமானதாக இருக்கும். ஸ்பிரிங்கையே மாற்றுவது என்று முடிவானால் 10 முதல் 15 சதவீதம் வரையிலான படிகளாகப் போங்கள். அதைவிடச் சிறிய வேறுபாட்டைப் புதியவரால் பிரித்துணர்வது கடினம்.

மழை பெய்தால் டயரின் பிடிமானம் குறைவதால் பக்கவாட்டு விசையும் சாய்வும் குறையும். அன்று உலர்தளத்துக்கான விறைப்பு மிகையாகிவிடும். பின்புற பாரை மிக மென்மையான துளைக்கு மாற்றி, டேம்பர்களை நான்கு மூலையிலும் சில கிளிக் தளர்த்துங்கள். எத்தனை கிளிக் என்பதைக் குறித்து வைத்துக்கொண்டால், திரும்பும் வழியில் அதே அமைப்பைச் சாலைக்கான அமைப்பாக முயன்று பார்க்கலாம். பெரும்பாலான வண்டிகளில் இரண்டும் ஒன்றுக்கொன்று மிக அருகில் இருக்கும்.